நாலு ஜாக்கிக்கு ஒரு வாய்

எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் வரிசையில் யாரும் சேவல் வளர்க்கவில்லை. தேவைப்படவில்லை, பாஸ் இருந்தார். விடிந்ததும் பைப்படியில் வந்து நின்றுகொண்டு, "ம், வாளிய எடு. அடுத்த ஆளு வா. நகரு. வா, வா" என்று அவர் தொடங்கினால் வரிசை முழுக்க எழுந்துவிடும். தண்ணீர் பிடிக்கிற பெண்களுக்கு யார் முதலில் வந்தது என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் அவர் சொல்லித்தான் வாளி நகர வேண்டும். "பாஸண்ணே, நான் அவளுக்கு முந்தி வந்தேன்" என்று எவளாவது வாயெடுத்தால் தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பார். "நான் சொல்றேன்ல? அப்புறம் என்னா இன்னொரு வாய்?" என்பார். சண்டை அதோடு முடிந்துவிடும். மற்ற வரிசைகளில் குடுமிபிடி நடந்துகொண்டிருக்கும்போது எங்கள் பைப்படியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். அதை நாங்கள் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

கைவேலை தெரிந்தவரை பாஸ் என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தச்சு வேலைக்கு ஒரு பாஸ், கட்டட வேலைக்கு ஒரு பாஸ். இவர் எஞ்சின் ஷெட்டில் பாஸ். கண்டிக்குப் பக்கத்தில்தான் அந்த ஷெட். எது என்று சொல்ல மாட்டேன். இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்கு எதற்கு வீண் சங்கடம்? ஆள் குள்ளம். மார்பு மட்டும் அகலம். தூரத்தில் நின்று கேட்டால் ஆறடி ஆள் ஒருவர் வருகிறார் என்று நினைப்பீர்கள், கிட்டே வந்தால் காக்கிக் காற்சட்டையை மார்பு வரை ஏற்றிக் கட்டிய இவர் நிற்பார். என் வீட்டுக்காரர் அவருடைய கேங்கில் வேலை செய்தார்.

ரயில் எஞ்சின் ஒரே உடம்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரர் ஆட்டுக்கல்லைக் காட்டி விளக்கினார். மேலே தெரிகிற பெரிய உடம்பு வேறு, கீழே சக்கரங்களோடு ஓடுகிற போகி வேறு. முன்னால் ஒரு போகி, பின்னால் ஒரு போகி. உடம்பின் அடிவயிற்றில் ஒரு தடித்த இரும்பு முளை இருக்கும், அதற்குப் பெயர் பிவட். போகியின் நடுவில் அதற்கென்று ஒரு குழி. ஆட்டுக்கல் குழியில் குழவி உட்காருகிற மாதிரி முளை அந்தக் குழியில் உட்காரும். இறுக்கி முடுக்கி வைப்பதில்லை. கடுகண்ணாவை மலை வளைவுகளில் போகி தண்டவாளத்தோடு திரும்ப வேண்டும், மேலே உடம்பு தன் போக்கில் நேராக வர வேண்டும். இழுக்கிற இழுப்பெல்லாம் அந்த முளை வழியாகத்தான் போகிறது. மலையேறுகிற ரயில் கோச்சியில் சன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்கள் யாருக்கும் அப்படி ஒரு குழி இருப்பதே தெரியாது.

சக்கரம் தேய்ந்தால் போகியை வெளியே எடுக்க வேண்டும். உடம்பை நாலு மூலையிலும் ஜாக்கி வைத்துத் தூக்கி, போகியை உருட்டி எடுத்துவிட்டு, பழுது பார்த்த போகியை அலவாங்குக் கம்பியால் நெம்பி நெம்பிக் கீழே கொண்டுவந்து நிறுத்துவார்கள். தூக்குவது பெரிய காரியமில்லை. இறக்குவதுதான் காரியம். நாலு மூலையும் ஒன்றாக இறங்காவிட்டால் உடம்பு சாயும். சாய்ந்தால் அடியில் இருக்கிறவனைச் சாக்கில்தான் அள்ள வேண்டும்.

அதனால் பாஸ் ஒரு சட்டம் வைத்திருந்தார். இறக்கும்போது ஒரு வாய்தான் பேச வேண்டும், அது அவருடைய வாய். நாலு ஜாக்கியிலும் நிற்கிறவர்கள் அவர் "எறக்கு" என்றால் திருப்புவார்கள், "நிறுத்து" என்றால் கையை எடுப்பார்கள். ஐந்தாவது ஆள் அடியில் இருப்பான். குழியைத் துடைத்து, கிரீஸ் பூசி, உள்ளே கிடக்கிற பித்தளைத் தட்டைச் சரியாக உட்கார வைத்துவிட்டு, ஓரமாகப் பதுங்கிக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டிக் காட்டுவான். கை தெரிந்தால் எல்லாம் சரி, இறக்கலாம் என்று அர்த்தம். வாயால் சொல்லக் கூடாது. தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்களாம். "எறக்குறது என் வாய். தப்பு வந்தா பதில் சொல்றதும் என் வாய்தான். நீங்க ஒங்க கைய மட்டும் பாருங்க" என்பது அவர் தினமும் சொல்வது. அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் ஆட்கள் அவருக்குக் கட்டுப்பட்டார்கள். வேறு கேங்குகளில் ஒரு போல்ட் உடைந்தாலும் யார் தலையில் கட்டலாம் என்று பார்ப்பார்கள். பாஸ் நேராகப் போர்மன் அறைக்குப் போய், "என் கேங்கு, என் தப்பு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். ஏச்சு வாங்குவதும் அவர் ஒருவரே.

என் கல்யாணச் சீராக வந்த அலுமாரியை ஏற்றிய அன்று அந்தச் சட்டத்தை நான் முதன்முதலாகப் பார்த்தேன். ரோட்டிலிருந்து குவாட்டர்ஸுக்குச் செங்குத்தான படி. அலுமாரி பலாமரத்தில் செய்தது, ஆனைக் கனம். கேங்கில் நாலு பேர் நாலு காலைப் பிடிக்க, பாஸ் மேல் படியில் நின்று, "தூக்கு. ஒரு படி. வை. தூக்கு" என்று குரல் கொடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, ஒரு கீறல் இல்லாமல் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. வைத்த பிறகுதான் நாலு பேரில் ஒருவரான காசிம் நானா தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார். பாதி வழியிலேயே அலுமாரியின் கால் அவருடைய பெருவிரலில் ஏறியிருக்கிறது. நகம் பெயர்ந்து செருப்பெல்லாம் இரத்தம்.

"ஏன் நானா, ஒரு சத்தம் போட்டா வச்சிருப்பாங்களே?" என்று கேட்டேன்.

"பாஸ் பேசிக்கிட்டிருந்தாரே தங்கச்சி, நான் எப்பிடிப் பேசுற?" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். பாஸ் அவர் தோளைத் தட்டி, "இவன்தான் என் ஆளு" என்றார். புதுப்பெண் கையால் பிளேன்டீ வாங்கிக் குடித்துவிட்டு அதைச் சொல்லிச் சொல்லியே இறங்கிப் போனார்கள்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மூன்று பெண்களும் மனைவியும் மூச்சுக் காட்டக் கூடாது. "சோறு வை. ரசம். போதும். நீ சாப்புடு. நீ எந்திரி." அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்காவுக்குப் பேச்சு எங்கள் வீட்டு அடுப்படியில்தான் வரும். அரிசி புடைத்துக்கொண்டே ஒரு நாள் அவர்தான் சொன்னார். பாஸுக்கு ஓர் அண்ணன் இருந்தாராம், இருவரும் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ஒன்றாக இறங்கி வந்து ஷெட்டில் சேர்ந்தவர்களாம். ஒரு நாள் இறக்கும்போது அண்ணன் அடியில் இருந்திருக்கிறார். யாரோ ஒருவன் நிறுத்து என்று கத்த, இன்னொருவன் இல்லை இறக்கு என்று கத்த, இரண்டு ஜாக்கி நிற்க, இரண்டு ஜாக்கி ஓட, உடம்பு சாய்ந்துவிட்டது. தம்பி ஒரு ஜாக்கியில் நின்றுகொண்டிருந்தார்.

"எந்த வாயக் கேக்குறதுன்னு தெரியலன்னு இப்பவும் தூக்கத்துல சொல்லுவாரு" என்றார் அக்கா. "அதுலருந்துதான் இப்பிடி. ஒனக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

அதைக் கேட்ட பிறகு பைப்படியில் அவர் அதட்டும்போது எனக்குக் கோபம் வரவில்லை. பாவம் என்றுகூடத் தோன்றியது. பிறகு என் மூத்தவனுக்குக் கக்குவான் வந்து மூச்சுத் திணறி முகம் நீலமாகிப் போனது. வீட்டுக்காரர் வேலையில். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலறியபடி ரோட்டுக்கு ஓடினேன். ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த பாஸ் பிள்ளையை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். வந்த பஸ்ஸைப் பார்த்து, "நிறுத்து!" என்றார். பஸ் குலுங்கி நின்றது. "எங்கயும் நிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி" என்றார். அந்தச் சிங்கள டிரைவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியுமோ, வழியில் ஒரு பஸ் ஹோல்டிலும் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் ஒருவர்கூட மணியடிக்கவில்லை. என் மகன் இன்று உயிரோடு இருப்பது அந்த வாயால்தான். இதை எழுதாமல் விட்டுவிட்டு மற்றதை எழுதினால் நான் மனுஷி இல்லை. ஆனால் இதை எழுதிவிட்டதால் மற்றது குறைந்துவிடாது.

அந்த நாள் மழை நாள். சாயங்காலக் கோச்சிக்கு எஞ்சின் வேண்டும் என்று போர்மன் இரண்டு தடவை வந்து அவசரப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார். அடியில் என் வீட்டுக்காரர். குழியைத் துடைத்து, கிரீஸ் பூசிவிட்டுப் பார்த்தால் பித்தளைத் தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அடியில் ஏதோ மண். தட்டின் விளிம்பை நிமிர்த்தி, வலது கை விரல்களை அடியில் விட்டு வழித்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்போது மேலேயிருந்து "எறக்கு" என்று பாஸ் குரல் கேட்டது. இவர் இன்னும் கை காட்டவில்லை. கை காட்டாமல் பாஸ் இறக்கியதாக அதற்கு முன்னால் ஒரு நாளும் இல்லை. ஜாக்கியில் நின்ற நாலு பேரும் கை வெளியே வராததைப் பார்த்தார்கள். வாய் சொல்லிவிட்டது, திருப்பினார்கள்.

ஜாக்கி மெதுவாகத்தான் இறங்கும். முதலில் முளையின் நுனி தட்டில் தொட்டது. தட்டு விரல்கள் மேல் அமர்ந்தது. நசுங்கவில்லை, பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். முளை தொட்டதும் பாஸ் வழக்கம்போல், "நிறுத்து" என்றார். தொட்டதும் ஒரு தடவை நிறுத்திப் பார்ப்பது அவருடைய முறை. அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் "பாஸண்ணே" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். உடம்பைத் திரும்ப ஒரு சுற்று தூக்கியிருப்பார்கள், விரலை ஊதிக்கொண்டு வெளியே வந்திருப்பார். குரல் கொடுக்கவில்லை. பேசக் கூடாதே! அதனால் என்ன செய்தார் தெரியுமா? மாட்டிக்கொண்டதைக் காட்டுவதற்கு இடது கையை வெளியே நீட்டி ஆட்டினார்.

அந்தக் கேங்கில் வெளியே நீண்ட கைக்கு ஒரே அர்த்தம்தான். பாஸ் கையைப் பார்த்தார். "ம். எறக்கு" என்றார்.

இதையெல்லாம் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்னிடம் சொன்னார். வலது கையில் கட்டைவிரலைத் தவிர நாலு விரலும் இல்லை. "அப்பவாவது கத்துனீங்களா?" என்று கேட்டேன். "இல்ல புள்ள. பாஸ் நிறுத்துன்னு சொல்றதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது.

பாஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் நின்றார். நாலைந்து பேரை அதட்டி, நல்ல கட்டில், சுடுதண்ணீர், மருந்து எல்லாம் வரவழைத்தார். "விசாரண வரும். நான் பாத்துக்கிறேன். நீ ஒண்ணும் பேச வேணாம்" என்றார். நான் நம்பினேன். என் கேங்கு, என் தப்பு என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்த மனிதர் வேறு என்ன சொல்லப்போகிறார்?

கை ஓரளவு ஆறியதும் போர்மன் அறையில் விசாரணை. வெளியூரிலிருந்து ஒரு துரை வந்து உட்கார்ந்திருந்தார். நான் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாதி திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றேன். என் வீட்டுக்காரருடைய தவறு என்று முடிவானால் வேலை போகும், குவாட்டர்ஸ் போகும். வேலை போனால் ஹந்தானையில் மாமியார் வீட்டு ஒற்றை அறை லயக் காம்பராவுக்குத்தான் நாங்கள் ஏற வேண்டும். அந்தக் காம்பராவிலிருந்து தப்பி இறங்குவதற்காகத்தான் அவர் இந்த வேலையில் சேர்ந்தார். கண்டியில் கடைக் கணக்கு எழுதுகிற வீட்டுப் பெண் நான், ஷெட்டில் வேலை என்றுதான் என் அப்பா பெண் கொடுத்தார். இத்தனையும் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றது.

துரை கேட்டார், "என்ன நடந்தது?"

பாஸ் சொன்னார், "கை காட்டுனான் துரை. எறக்கினேன்."

பொய்யா? பொய் இல்லை. கை காட்டினார்தான். கை காட்டுவதற்கு முன்னால் ஒரு "எறக்கு" இருந்ததே, அதுதான் அந்த வாயில் வரவில்லை.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றார் துரை. பாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனதை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

பிறகு ஜாக்கிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சிங்களக்காரரான பண்டா, "பாஸ் சொன்னதான் மாத்தையா" என்றார். காசிம் நானா, "பாஸ் சொன்னதுதான்" என்றார். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். பாஸ் இவர்களுக்கு எதையும் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வரவில்லை. தேவையே இல்லை. வருஷக்கணக்காகப் பழக்கியிருந்தாரே.

கடைசியில் என் வீட்டுக்காரர். "நீ கை காட்டினாயா?"

"காட்டினேன்."

"பிறகு என்ன?"

என் வீட்டுக்காரர் பாஸின் முகத்தைப் பார்த்தார். பேசலாமா என்று கேட்கிற பார்வை. கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு, விரலை எடுத்த மனிதரிடமே உத்தரவு கேட்கிறார்! பாஸ் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "அவரு கை காட்டுறதுக்கு முந்தியே எறக்குனாங்க துரை, இவங்க நாலு பேருக்கும் தெரியும்!" என்று கத்தினேன். போர்மன் எழுந்து வந்து, "இது பொம்பளைங்க பேசுற எடமில்ல" என்று என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். அந்த அறையில் பேசத் தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். எனக்குத்தான் அங்கே இடமில்லை.

தவறு என் வீட்டுக்காரருடையது என்று முடிவானது, வேலை போனது. பாஸுக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. மூன்று பெண்களில் ஒருத்திக்குக்கூடக் கல்யாணம் ஆகவில்லை. தெரியும். அக்கா என் காலில் விழாத குறையாக வந்து அதைச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். அழுதுவிட்டு, "எனக்கும் ரெண்டு இருக்குக்கா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். குவாட்டர்ஸைக் காலி செய்த அன்று அலுமாரியைப் படியில் இறக்க ஆள் வரவில்லை. அதைக் காசிம் நானா வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தோம்.

ஹந்தானைக்கு ஏறவில்லை. நான் விடவில்லை. கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை போட்டோம். என் வீட்டுக்காரர் இடது கையால் தேத்தண்ணி ஆற்றப் பழகினார். முதல் வருஷம் கிளாஸில் ஊற்றியதைவிடக் காலில் ஊற்றிக்கொண்டதுதான் அதிகம். அதையும் சத்தமில்லாமல்தான் ஊற்றிக்கொண்டார்.

ஓய்வு பெற்ற பிறகு பாஸ் அந்தக் கடைக்கு வரத் தொடங்கினார். மஹியாவையில் மூத்த மகள் வீட்டில் இருந்தார். அங்கிருந்து பஸ் ஏறி வந்து, வாசலோர வாங்குப் பலகையில் உட்காருவார். பஸ்ஸை நிறுத்திய அந்தக் குரல், "ஒரு பிளேன்டீ" என்று கேட்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. என் வீட்டுக்காரர் ஆற்றிக் கொண்டுபோய் வைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். மற்ற வாடிக்கைக்காரரிடம் அரசியல், மழை, மீன் விலை எல்லாம் பேசுவார். பாஸிடம் மட்டும் வாய் திறப்பதில்லை. கோபமா, பயமா, பழைய பழக்கமா என்று எனக்கே விளங்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்.

"ஏதாச்சும் ஒரு வார்த்த ஏசச் சொல்லு தங்கச்சி" என்று ஒரு நாள் பாஸ் என்னிடம் கேட்டார். "கெட்ட வார்த்தையா இருந்தாலும் பரவால்ல."

"அவரு ஏச மாட்டாரு. நான் ஏசுறேன், கேக்குறீங்களா?" என்றேன். "அன்னைக்கி ஒங்க வாய் எங்க போச்சு பாஸண்ணே? தப்பு வந்தா பதில் சொல்றதும் என் வாய்தான்னு சொன்னீங்களே, அந்த வாய்?"

"நான் சொல்லியிருந்தா என் மூணு புள்ளைங்களும் ரோட்டுக்கு வந்திருக்கும்."

"அதுக்கு எங்க ரெண்டு புள்ளைங்கள எறக்கிட்டீங்க."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். பாதித் தேத்தண்ணி அப்படியே இருந்தது. இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். நான் ஏசுவேன், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் வீட்டுக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். பாஸ் மடக் மடக்கென்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து, கொஞ்ச நேரம் என் வீட்டுக்காரரின் முதுகைப் பார்த்துவிட்டுப் போவார். இப்படியே வருஷங்கள் போயின. என் வாயும் வலித்துப்போனது.

செத்துவிட்டார் என்று காசிம் நானா வந்து சொன்னபோது கடையில் கூட்டம். என் வீட்டுக்காரர் அடுப்பை அணைத்தார். நானும் புறப்பட்டேன். எங்களில் பெண்கள் மயானத்துக்குள் போவதில்லை, வீட்டு வாசலோடு சரி. அக்காவும் மகள்களும் வாசலில் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் மஹியாவை மயானம் வரைக்கும் நடந்தேன். யார் யாரோ முறைத்தார்கள். முறைக்கட்டும். அந்த மனிதரைக் குழிக்குள் இறக்குவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. வெட்கப்படவில்லை, அதுதான் உண்மை.

குழியோரத்தில் மருமகன்கள் கயிற்றைக் கையில் எடுத்தார்கள். பண்டா அவர்களை ஒதுக்கிவிட்டு, "இது நம்ம வேல" என்றார். தலைமாட்டில் ஒரு கயிறு, கால்மாட்டில் ஒரு கயிறு, நாலு முனை. பழைய கேங்கு நாலு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். நரைத்துப்போன கிழவர்கள். பெட்டியைத் தூக்கிக் குழிக்கு மேலே கொண்டுவந்துவிட்டு அப்படியே நின்றார்கள். நிற்கிறார்கள், நிற்கிறார்கள். ஐயர் என்னவென்று பார்க்கிறார். எனக்கு விளங்கிவிட்டது. "எறக்கு" என்று சொல்ல ஆளில்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பாரம் தாங்காமல் அவரவர் பாட்டுக்குக் கயிற்றை விட ஆரம்பித்தார்கள். தலைமாடு வேகமாகப் போனது. கால்மாடு மேலேயே நின்றது. பெட்டி சாய்ந்தது. உள்ளே அவர் சரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. நாலு பேருக்கும் கேட்டிருக்கும், நாலு பேர் கண்ணும் பெட்டி மேல்தான் இருந்தது. ஒருத்தர் வாயும் திறக்கவில்லை.

"நிறுத்து!"

பஸ் குலுங்கி நின்ற அன்று கேட்ட அதே குரல் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர்தான். குழியோரத்துக்கு வந்து நின்று, விரலில்லாத கையை நீட்டியிருந்தார். கயிற்று முனை நாலும் அந்த இடத்திலேயே நின்றன. "பண்டா, காசிம், தலைமாட்டப் புடி, விடாத. கால்மாடு மட்டும் எறக்கு. எறக்கு. ம், நிறுத்து. இப்ப நாலும் ஒண்ணா. எறக்கு. எறக்கு." பெட்டி நேராகி, ஓரத்தில் உரசாமல், குழிக்குள் போய் உட்கார்ந்தது. கிழவர்கள் நாலு பேரும் அழுதார்கள். என் வீட்டுக்காரர் அழவில்லை. ஒரு பிடி மண்ணை இடது கையால் அள்ளிப் போட்டுவிட்டு நடந்தார்.

நான் பின்னாலேயே போனேன். மண் விழுவதைப் பார்க்கக்கூட எனக்கு மனம் இல்லை. எத்தனை வருஷமாக மனதில் வைத்து ஏசிக்கொண்டிருந்தேனோ, அந்த ஆத்திரமெல்லாம் திரும்பி இவர்மேல் வந்து நின்றது. பஸ்ஸுக்கு நிற்காமல் இறக்கத்தில் நடந்தோம். பாலம் வரும் வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"அந்த ஒரு வார்த்த அன்னைக்கி ஒங்க வாயில வந்திருந்தா, கை இருந்திருக்கும். வேல இருந்திருக்கும். வீடு இருந்திருக்கும். அந்தாளு பொய் சொல்ல வேண்டியும் வந்திருக்காது. இன்னைக்கி மட்டும் எப்பிடிங்க வந்துச்சு?"

அவர் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகாவலி ஆற்றைப் பார்த்தார்.

"அன்னைக்கி அவரு உசுரோட இருந்தாரே புள்ள" என்றார்.